கம்போடியாவின் புனோம் சம்பாவ் மலை: வவ்வால் பார்க்கப் போகிறவர்கள் குகைக்குள்ளும் இறங்கலாமா?

தேன்சிட்டு_கோவை

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் குடும்பத்தோடு அங்கோர் வாட் போகிறோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். சியெம் ரீப்பில் நாங்கள் தங்கப்போகும் இடத்துக்காரர், "ஒரு ராத்திரி பட்டம்பாங் போய்த் தங்குங்க, அங்க ஒரு மலைக் குகையிலிருந்து சாயங்காலம் லட்சக்கணக்கில் வவ்வால் கிளம்பும், பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று மெசேஜ் அனுப்பினார். மலையின் பெயர் புனோம் சம்பாவ்.

தேடிப் பார்த்தால், அதே மலையில் கெமர் ரூஜ் (போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கம்) ஆட்சியில் ஆட்களைக் கொன்று தள்ளிய குகையும் இருக்கிறது என்று வருகிறது. மேலே கோயில், நடுவில் அந்தக் குகை, அடிவாரத்தில் வவ்வால். மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் "பார்த்துவிட்டு" வருவதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. போனவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்களேன். பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? மாமியாரால் ஏற முடியுமா?

திசைமானி

சகோதரி, கட்டாயம் போங்கள். ஆனால் வவ்வாலுக்காக மட்டும் போகாதீர்கள். புனோம் பென்னில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து வந்தவர்களை நான் இந்த மலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சியெம் ரீப்பிலிருந்து பட்டம்பாங் சாலை வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். பட்டம்பாங் நகரத்திலிருந்து பைலின் போகும் 57-ஆம் எண் சாலையில் 12 கிலோமீட்டர் போனால் மலை. சுற்றிலும் தட்டையான நெல்வயல். நடுவில் திடீரென்று செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை எழுந்து நிற்கும். தூரத்திலிருந்தே தெரியும். அடிவாரப் பாறையில் பெரிய புத்தர் முகம் செதுக்கியிருப்பார்கள்.

மேலே போக இரண்டு வழி. ஒன்று படிக்கட்டு, நல்ல வெயிலில் வாட்டி எடுத்துவிடும். இன்னொன்று சிமென்ட் ரோடு. அடிவாரத்திலேயே மோட்டார் பைக்காரர்கள் நிற்பார்கள், சில டாலர் கொடுத்தால் மேலே கொண்டுபோய், குகையில் காத்திருந்து, திரும்ப இறக்கிவிடுவார்கள். உச்சியில் பௌத்தக் கோயில், பொன் பூசிய தூபி, சின்னச் சின்ன சன்னதிகள். குரங்குகள் நிறைய. கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து பார்த்தால் பட்டம்பாங்கின் வயல்வெளி முழுக்கத் தெரியும்.

இனி குகை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மரத்தடியில் இறங்குகிற படிகள். இறங்க இறங்கக் காற்று குளிர்ந்துவிடும். உள்ளே ஒரு சயன புத்தர். பக்கத்தில் கண்ணாடி வைத்த நினைவுப் பெட்டகம், அதற்குள் மண்டை ஓடுகளும் கை கால் எலும்புகளும். அண்ணாந்து பார்த்தால் குகையின் கூரையில் ஒரு பெரிய திறப்பு. அதன் வழியாக வெளிச்சம் சாய்வாக விழும். மேலே நிற்கிற மரத்தின் இலை ஒன்று உதிர்ந்தால், அந்த வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி இறங்கி தரைக்கு வர நேரம் எடுக்கும். அவ்வளவு உயரம். அந்தத் திறப்பின் விளிம்பில் நிறுத்தி அடித்து, கீழே தள்ளினார்கள். தோட்டா வீணாகக் கூடாது என்று பல இடங்களில் தடியாலும் மண்வெட்டியாலும் அடித்தே கொன்றார்கள். மேலே இருந்த கோயில் அப்போது சிறைச்சாலை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடும் அதே மண்டபத்தில் அடைத்து வைத்திருந்துதான் இங்கே கொண்டுவந்தார்கள்.

என்னுடைய ஒரே கோரிக்கை: முதலில் குகைக்குப் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மலையில் இருங்கள். அவசரமில்லாமல் உட்காருங்கள். ஐந்து மணிக்கு வந்து, குகையைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வவ்வாலுக்கு ஓடுகிற கூட்டத்தில் சேராதீர்கள். நான் ஆட்சேபிப்பது அந்த ஓட்டத்தைத்தான், போவதை அல்ல.

பறவைநேசன்

நாங்கள் வவ்வாலுக்காக மட்டும்தான் போனோம். அடிவாரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்தரை, ஆறு மணிவாக்கில் தொடங்கும். முதலில் பாறை வாயில் ஒரு கீச்சொலி, பிறகு நாலைந்து, பிறகு நிற்காத கறுப்பு ஓடை. அரைமணி நேரத்துக்கு மேல் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. வயல் மேலே போனதும் மொத்த ஓடையும் ஒரே உடம்பாக வளைந்து திரும்பும். ஓரத்தில் பருந்து ஒன்று பாய்ந்து பாய்ந்து பிடித்தது. தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், மேலிருந்து எச்சம் விழும்.

நெல்வயல்_தஞ்சை

வவ்வாலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்றேன். வேளாண்மைத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன்.

அது பழந்தின்னி வவ்வால் இல்லை. உதடு சுருங்கி, வால் தனியா நீட்டிக்கிட்டு இருக்கிற பூச்சித்தின்னி இனம். கைக்கட்டை விரல் அளவு உடம்பு. நெல் விளையற நாட்டுல இதோட மதிப்பு என்னன்னு நம்ம டெல்டாக்காரங்களுக்குச் சொல்லணுமா? புகையான் பூச்சி விழுந்த வயலைப் பார்த்திருப்பீங்க. வட்ட வட்டமா தீய்ஞ்ச மாதிரி கிடக்கும், கதிர் பதரா போயிடும். அந்தப் புகையானோட பங்காளி வெண்முதுகுத் தத்துப்பூச்சி. இந்த வவ்வால் இனம் அதை ஏராளமா தின்னுதுன்னு தாய்லாந்துல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. தத்துப்பூச்சி ராத்திரியில உயரத்துல காத்தோட இடம் பெயரும். இதுங்களும் அந்த உயரத்துக்கே போய் வேட்டையாடும். விடியறதுக்குள்ள குகைக்குத் திரும்பிடும். கீழே சேர்ற எச்சத்தை அள்ளி உரமா விக்கிறாங்க. மருந்தடிக்காம பூச்சியும் குறையுது, உரமும் கிடைக்குது. பட்டம்பாங்தான் கம்போடியாவோட நெற்களஞ்சியம், அதனால அந்த ஊர்க்காரங்களுக்கு இது பெரிய காரியம்.

குகை வாய்க்கிட்ட ஏறிப் போறது, ஃபிளாஷ் அடிக்கிறது, டிரோன் விடுறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கல்லும்_மண்ணும்

ஏன் அந்த மலையில் இத்தனை குகை என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

அது பெர்மியன் காலத்துச் சுண்ணாம்புக்கல். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆழமில்லாத கடலில் படிந்த சிப்பி, பவளம், நுண்ணுயிர்க் கூடுகள் இறுகிக் கல்லானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கிரானைட்டை அது எளிதில் கரைக்காது. சுண்ணாம்புக்கல்லில் ஒரு விரிசல் கிடைத்தால் போதும், அதைக் கரைத்துக் கரைத்து அறையாக்கிவிடும். அறை பெரிதாகி, மேல் கூரை மெலிந்து, ஒருநாள் இடிந்து விழுந்தால் திசைமானி சொன்ன அந்தத் திறப்பு. கரைந்த சுண்ணாம்பு மறுபடி சொட்டுச் சொட்டாகப் படிந்து தொங்கூசிப் பாறைகளாகிறது. வடமேற்குக் கம்போடியா முழுக்க இப்படித் தனித்தனிக் குன்றுகள் நிற்கின்றன. இதே மாகாணத்தில் லாங் ஸ்பியன் என்ற குகையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்லாயுதங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மனிதர்கள் ஒதுங்கவும், பிறகு துறவிகள் தியானம் செய்யவும், கோயில் கட்டவும் இந்தக் குகைகளைத்தான் தேடி வந்தார்கள்.

ஊர்க் கதையும் ஒன்று உண்டு. இந்த மலை ஒரு கப்பல், எதிரே தெரியும் குன்று ஒரு முதலை. ரும்சாய் சொக் என்ற பெண் வளர்த்த முதலை, அவள் காதலனின் கப்பலைக் கவிழ்க்கப் பாய்ந்தது. அவள் தன் கொண்டை ஊசியை எறிந்து கடலையே வற்றவைத்தாள். கப்பலும் முதலையும் கல்லாகி நின்றன. கடல் இருந்து வற்றிய நிலம் என்பதில் கதையும் கல்லும் ஒத்துப்போவதை எப்போதும் வியந்திருக்கிறேன்.

மௌனராகம்72

மன்னிக்கணும், எனக்கு இந்தப் பேச்சே சங்கடமா இருக்கு. செத்தவங்களோட எலும்பைக் கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சு, டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்க செல்ஃபி எடுக்கிறாங்க. நானே கண்ணால பார்த்தேன். நம்ம வீட்டுல ஒருத்தர் போனா அன்னைக்கே தகனம் பண்ணி, மறுநாள் எலும்பு பொறுக்கி ஆத்துல கரைச்சாத்தான் மனசு ஆறும். பௌத்தர்களும் எரிக்கிறவங்கதானே? ஏன் இத்தனை வருஷமா அப்படியே வச்சிருக்காங்க? அங்க போறதே அந்த ஆத்மாக்களுக்குச் செய்யற அவமரியாதைன்னு தோணுது.

திசைமானி

மௌனராகம், உங்கள் வருத்தம் நியாயமானது. கம்போடியாவிலேயே இதே கேள்வி பெரிய இடத்தில் எழுந்தது. மன்னராக இருந்த சிகனூக், எலும்புகளை முறைப்படி தகனம் செய்து ஆன்மாக்களை விடுவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அரசு ஒப்பவில்லை. கொலை நடந்ததற்கு இதுதான் சாட்சி, நடக்கவே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்றது. குடும்பத்தினரிலும் இரண்டு கருத்தும் உண்டு.

இன்னொன்று: எரிப்பது யார்? எந்த மண்டை ஓடு யாருடையது என்று தெரியாது. கொள்ளி வைக்க மகனும் சேர்ந்தே அந்தக் குழிக்குள் போயிருப்பான்.

அங்கே வழிபாடு நிற்கவில்லை. மொட்டையடித்து வெள்ளைத் துணி உடுத்திய பாட்டிமார் எலும்புகளுக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். புரட்டாசியில் நமக்கு மகாளய பட்சம் வருமே, அதே தேய்பிறைப் பதினைந்து நாளில்தான் அவர்களுக்குப் பிச்சும் பென். விடியுமுன் இருட்டிலேயே கோயிலைச் சுற்றி வந்து சோற்றுருண்டைகளை வீசுவார்கள். பசியோடு அலைகிற முன்னோருக்கு. ஏழு கோயிலுக்குப் போவார்கள், தங்களைத் தேடி ஆவி எந்தக் கோயிலுக்கு வரும் என்று தெரியாதே. எங்கே செத்தார்கள் என்று தெரியாத குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வடமராட்சியான்

மௌனராகம் அக்கா, படம் எடுக்கிறதில நான் உங்கட பக்கம். எலும்புக்கு முன்னால நிண்டு பல்லைக் காட்டிப் படம் எடுக்கிறவையைப் பார்த்தால் எனக்கும் கை கால் நடுங்கும்.

ஆனா எரிச்சுப்போடுங்கோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. எலும்பை ஏன் வச்சிருக்கவேணும் எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளையின்ர படத்தைக் கையில வச்சுக்கொண்டு ரோட்டோரத்தில வருசக்கணக்கா இருக்கிற தாய்மாரை நான் கண்டனான். அவைக்கு ஒரு எலும்பாவது கிடைச்சால் அழுது முடிக்கலாம். கிடைக்கிற வரைக்கும் அழவும் ஏலாது.

நான் அந்தக் குகைக்குப் போனது ரொறன்ரோவில இருந்து ஊருக்கு வாற வழியில. உள்ளுக்குள்ள ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தன்.

பழங்கதைப்பெட்டி

நல்ல இழை. வரலாற்றுப் பக்கம் ஒரு துண்டு சேர்க்கிறேன், பட்டம்பாங் ஏன் இவ்வளவு அடி வாங்கியது என்பது தெரிந்து போனால் அந்த மலை வேறு மாதிரி தெரியும்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் புனோம் பென்னைப் பிடித்தது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை அந்த நகரத்தைப் பிடிக்கும்வரை அவர்கள் ஆட்சி. நாலு வருஷம்கூட முழுதாக இல்லை. சுமார் எண்பது லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் போனார்கள். கொலை, பட்டினி, நோய், ஓய்வில்லாத வேலை.

பட்டம்பாங்கில் அது முதல் மாதத்திலேயே தொடங்கியது. தோற்றுப்போன முந்தைய அரசின், அதாவது லோன் நொல் படையின் அதிகாரிகளிடம், சிகனூக்கை வரவேற்கப் போகிறோம், பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி லாரிகளில் ஏற்றிப் போய், புனோம் திப்படெய் என்ற இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். பிறகு நகரத்து மக்களைக் கூட்டம் கூட்டமாக இந்த வடமேற்கு மண்டலத்துக்கு விரட்டினார்கள். ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று மேலிடம் கணக்குப் போட்டது. ஏர் பிடித்தே அறியாத ஆசிரியரும் தையல்காரரும் அதை எங்கே விளைவிப்பது? விளைந்ததையும் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். நாட்டிலேயே நல்ல நெல் விளையும் மண்ணில் நின்றுகொண்டு, தண்ணீராய் ஓடும் கஞ்சி குடித்துச் செத்தார்கள். ஒரு பிடி நெல்லை மடியில் கட்டியது "திருட்டு", அதற்கு மரண தண்டனை. 1978-ல் கட்சிக்குள்ளேயே களையெடுப்பு வந்தது. தென்மேற்கு மண்டலத்துக் கட்சிக்காரர்கள் வந்திறங்க, இந்த மண்டலத்துத் தலைவர் ருஓஸ் நிம்மும் அவருடைய ஆட்களும் கொல்லப்பட்டார்கள். நேற்று கொன்றவர்கள் இன்று அதே வரிசையில்.

1979-ல் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. மிச்சமிருந்த கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லையோரம் பைலினில் உட்கார்ந்துகொண்டது. அங்கே மாணிக்கக் கல்லும் தேக்கும் இருந்தன, சண்டைக்குக் காசு வந்தது. அப்போது புனோம் சம்பாவ் அரசுப் படையின் முன்னணிக் காவல். மேலே இன்றும் இரண்டு பழைய பீரங்கிகள் துருப்பிடித்து நிற்கின்றன, குழாய் எதிரே உள்ள முதலை மலைப் பக்கம் திரும்பியிருக்கும். 1994-ல் அரசுப் படை பைலினைப் பிடித்து ஒரே மாதத்தில் இழந்தது. 1996-ல் கெமர் ரூஜ் தலைவர்களில் ஒருவரான இயெங் சாரி தன் ஆட்களோடு அரசு பக்கம் வந்த பிறகுதான் அந்தச் சாலையில் அமைதி. அதனால் மலையில் பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடி முழுக்க எடுத்து முடியாத மாகாணம் அது.

போல் பாட் எந்தச் சர்வதேச நீதிமன்றத்திலும் நிற்காமல் 1998-ல் செத்தான். அவனோடு இருந்த உயர் தலைவர்கள் நுவான் சியாவும் கியூ சம்பானும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2018 ஆனது. சாட்சிகளாக வர வேண்டியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

தேன்சிட்டு_கோவை

எல்லாருக்கும் நன்றி. பழங்கதைப்பெட்டி ஐயா எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், அந்த நெல் விஷயத்தில் இரண்டு பேருமே பேச்சு நின்றுபோனோம். போவது என்று முடிவு செய்துவிட்டோம். மகளைப் பற்றித்தான் இன்னும் யோசனை.

டீச்சரம்மா

உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்மா. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். ஆனால் குகை வாசலில் வைத்து முதல்முதலாகச் சொல்லாதீர்கள். கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, என்ன நடந்தது, யார் செய்தார்கள், எப்படி முடிந்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடிவாரத்தில் சித்திரவதைகளைச் சிமென்ட் சிலைகளாக வைத்திருக்கும் இடம் ஏதாவது கண்ணில் பட்டால் தவிர்த்துவிடலாம், அது பயத்தைத்தான் தரும். குகைக்குள் வருகிறாயா, மேலே கோயிலில் பாட்டியோடு இருக்கிறாயா என்று அவளிடமே கேளுங்கள். இறங்கிவிட்டுப் பாதியில் திரும்ப வேண்டும் என்றாலும் ஏன் என்று கேட்காமல் கூட்டி வந்துவிடுங்கள். இரவு அவள் கேள்வி கேட்பாள், அன்றைக்கு டிவி போடாமல் பக்கத்தில் இருங்கள்.

அடுத்த நாள் பட்டம்பாங்கிலேயே ஃபாரே பொன்லூ செல்பாக் சர்க்கஸ் காட்சி இருந்தால் அதற்கும் போங்கள். எல்லை அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த இளைஞர்கள் 1994-ல் தொடங்கிய கலைப்பள்ளி அது. ஏழைப் பிள்ளைகளுக்கு இசையும் ஓவியமும் சர்க்கஸும் சொல்லித் தருகிறார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் அந்தரத்தில் பறப்பதைப் பார்ப்பாள்.

மௌனராகம்72

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். எலும்பைக் கண்ணாடியில வைக்கிறது எனக்கு இன்னும் ஏத்துக்க முடியலை, அதுல மாத்தமில்லை. ஆனா தேன்சிட்டு போறதைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன். போனா எனக்கும் சேர்த்து ஒரு ஊதுவத்தி ஏத்திடும்மா. உண்டியல்ல போட அந்த நாட்டுக் காசு, சின்ன ரியல் நோட்டா மாத்தி வச்சுக்கோ.

தேன்சிட்டு_கோவை

கண்டிப்பா அக்கா. கடைசியாக ஒரு கேள்வி: மாமியார் பைக்கில் பின்னால் உட்கார மாட்டார். கார் மேலே போகுமா? ஒரே நாளில் வாட் பனான் என்ற பழைய கோயிலும் பார்க்கலாமா?

திசைமானி

பைக் தவிர ஜீப், வேன் மாதிரி வண்டிகளும் மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பட்டம்பாங் டிரைவரிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாடகையையும் அப்போதே முடிவு பண்ணிவிடுங்கள். சரிவு கடுமை, அனுபவமுள்ள ஆளாக இருக்கட்டும். அம்மா உச்சிக் கோயிலில் நிழலில் உட்காரலாம். குகைப் படிகள் ஈரமாக இருக்கும், அவரை இறக்க வேண்டாம்.

வாட் பனான் பதினொன்றாம் நூற்றாண்டுக் கோயில், ஐந்து கோபுரம், ஏற 358 படி. அம்மாவுக்கு ஆகாது. மற்றவர்கள் பார்க்க ஆசைப்பட்டால் மறுநாள் காலையில் வெயில் ஏறும் முன் போய்விட்டு வாருங்கள். அதே நாளில் சேர்த்தால் மறுபடி குகையில் அவசரப்படுவீர்கள். தோள், முழங்கால் மூடுகிற உடை எல்லாருக்கும். ஜனவரியில் மழை இருக்காது, சாயங்காலம் அடிவாரத்தில் லேசாகக் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.